நீலத்திமிங்கிலத்தைக் கொல்லும் விலங்கு உண்டா?

3 பிப்ரவரி 2025, வாசகர் கேள்வி

நீலத்திமிங்கிலத்துக்கு இயற்கையில் எதிரியே கிடையாது, மனிதன் ஒருவனே அதைக் கொல்லக்கூடியவன் என்று என் மகளின் பாடக்குறிப்பில் இருக்கிறது. 'கொலைத் திமிங்கிலம்' என்று சொல்லப்படும் ஓர்காக்கள் அதைக் கொன்று தின்பதாக ஒரு காணொளியில் சொல்கிறார்கள். எட்டு மீட்டர் நீளமுள்ள ஒன்று முப்பது மீட்டர் நீளமுள்ள ஒன்றை எப்படிக் கொல்லும்? எது சரி?

3 பிப்ரவரி, இரவு

பாடக்குறிப்பு ஏறத்தாழச் சரிதான். ஓர்காக்கள் கூட்டமாகச் சேர்ந்து நீலத்திமிங்கிலத்தைத் துரத்தும், கடிக்கும். ஆனால் வளர்ந்த ஒன்றைக் கொன்று முடித்ததற்குச் சான்று இல்லை.

நான் இருபத்துநான்கு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன். கப்பலின் ஓய்வறையில் கிடந்த அட்டை கிழிந்த பழைய இதழ் ஒன்றில்தான் இதை முதலில் படித்தேன். 1978ஆம் ஆண்டு மே மாதம், மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் முனைக்கு அப்பால், சுமார் 30 ஓர்காக்கள் 18 மீட்டர் நீளமுள்ள ஓர் இளம் நீலத்திமிங்கிலத்தைச் சூழ்ந்துகொண்டன. சில முன்னே சென்று வழியை மறித்தன. சில பின்னாலிருந்து விரட்டின. சில இருபுறமும் ஒட்டி நீந்தின. சில அடியில் நின்று அது மூழ்கவிடாமல் தடுத்தன. இன்னும் சில அதன் முதுகின்மேல் ஏறி மூச்சுவிட முடியாமல் செய்யப் பார்த்தன. முதுகுத்துடுப்பு போய்விட்டது, வால் கந்தலாகிவிட்டது. ஐந்து மணி நேரம் கழித்து ஓர்காக்கள் திடீரென்று விலகிச் சென்றன. அந்தத் திமிங்கிலம் பிழைத்ததா என்பது பதிவாகவில்லை.

துரத்தும், கடிக்கும், கொல்லாது என்பதே என் பதில்.

4 பிப்ரவரி

நேற்று எழுதியது தவறு. என் தகவல் பழையதாகிவிட்டது என்பதை ஒரு நண்பர் காலையிலேயே தொலைபேசியில் கூப்பிட்டு, கொஞ்சம் அதிக மகிழ்ச்சியுடன், தெரிவித்தார். நேற்றைய குறிப்பை அழிக்கப் போவதில்லை, தவறும் இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் கரையில் ப்ரெமர் விரிகுடா என்ற இடம் இருக்கிறது. அதற்கு அப்பால் கண்டத்திட்டு முடிந்து கடலடி பெரும் பள்ளத்தாக்காக இறங்குகிறது. ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓர்காக்கள் அங்கே பெருந்திரளாகக் கூடுகின்றன. அவற்றைக் காட்டுவதற்காகவே சுற்றுலாப் படகுகள் போகின்றன. அங்கே மூன்று முறை ஓர்காக்கள் நீலத்திமிங்கிலத்தைக் கொன்று தின்றதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். முதலாவது 2019 மார்ச் 21 அன்று, 18 முதல் 22 மீட்டர் வரை மதிக்கப்பட்ட, வளர்ந்த, உடல்நலத்துடன் இருந்த ஒன்று. பதினாறு நாட்கள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, ஒரு கன்று. மூன்றாவது 2021 மார்ச் 16 அன்று, 12 முதல் 14 மீட்டர் வரையிலான ஓர் இளம் திமிங்கிலம். இதை மட்டும் தொண்ணூறு நிமிடம், 25 கிலோமீட்டர் தூரம் விரட்டிச் சென்றிருக்கின்றன. ஜான் டோட்டர்டெல்லும் உடன் ஆய்வாளர்களும் இம்மூன்றையும் 2022இல் 'மரைன் மாமல் சயன்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டனர். நான் ஓய்வுபெற்ற பின் வந்த செய்தி என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

5 பிப்ரவரி

'எப்படிக் கொல்லும்' என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

முதல் நிகழ்ச்சியில் படகு அருகே சென்றபோதே திமிங்கிலத்தின் முதுகுத்துடுப்பு கடித்தெடுக்கப்பட்டிருந்தது. தோலும் கொழுப்பும் பட்டை பட்டையாகத் தொங்கின. தலையின் மேற்புறத்தில் சதை போய் எலும்பு தெரிந்தது. தொடக்கத்தில் இருந்தவை ஒரு டஜன் ஓர்காக்கள். அவை மாறி மாறி விலாவில் மோதின, தலையை நீருக்குள் அழுத்தின. இறக்கும் தறுவாயில், இன்னும் உயிர் இருக்கும்போதே, ஓர் ஓர்கா அதன் வாய்க்குள் தலையை நுழைத்து நாக்கைத் தின்றது. தாக்குதலை முன்னின்று நடத்தியவை பெரும்பாலும் பெண் ஓர்காக்கள். பங்கு பிரிக்கும் நேரத்தில் ஐம்பது வரை சேர்ந்துவிட்டன. பந்தி போட்டால் கூட்டம் தானாக வரும் என்பது கடலிலும் உண்மை போலும்.

இரை பெரிதாக இருப்பதனாலேயே அதை ஒரே கடியில் கொல்ல முடியாது. ஆகவே அவை கொல்ல முயல்வதில்லை, களைக்க வைக்கின்றன. நீலத்திமிங்கிலம் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது என்றாலும் அந்த வேகத்தை நெடுநேரம் தாங்காது. ஓர்காக்கள் அஞ்சலோட்டம் போல முறை மாற்றி ஓடுகின்றன; ஒரு குழு ஓயும்போது அடுத்தது வந்துவிடுகிறது. மூச்சுவிடவிடாமல் செய்தல், இரத்தம் இழக்கச் செய்தல், மூழ்கடித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைக் கொல்கின்றன.

5 பிப்ரவரி, பின்சேர்க்கை

கேட்டவர் முப்பது மீட்டர் என்றார். அது அண்டார்க்டிக் கடலின் மிகப் பெரிய பெண் திமிங்கிலங்களின் அளவு. ப்ரெமரில் இறந்தது அதைவிட மிகச் சிறியது. முப்பது மீட்டர் நீளமுள்ள ஒன்றை ஓர்காக்கள் கொன்றதாக எங்கும் பதிவில்லை. ஆகவே என் நண்பரின் வெற்றியும் முழு வெற்றி அன்று.

9 பிப்ரவரி

தன்னை எதிர்த்துத் தாக்கும்போது திமிங்கிலம் ஏன் திருப்பி அடிப்பதில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சில திமிங்கிலங்கள் அடிக்கும். கூன்முதுகுத் திமிங்கிலமும் சாம்பல் திமிங்கிலமும் நின்று போரிடும் வகை. கூன்முதுகு தன் நீண்ட துடுப்புகளையும் வாலையும் சுழற்றி ஓர்காவை அடிப்பதோடு, வேறு விலங்குகளை ஓர்கா தாக்கும் இடத்துக்கும் தானாகவே போய்க் குறுக்கே நிற்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. நீலத்திமிங்கிலம், துடுப்புத் திமிங்கிலம் முதலியவை ஓடும் வகை. மெலிந்து நீண்ட உடலும் சிறிய துடுப்பும் ஓட்டத்துக்கானவை. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் 2017இல் ஓர்காக் கூட்டம் நெருங்கியவுடன் ஒரு நீலத்திமிங்கிலம் நுரை பறக்கத் திரும்பி ஓடியதை டிரோன் படம்பிடித்தது.

ஓடுவது ஒரு பாதி; ஒளிவது மறுபாதி. நீலத்திமிங்கிலத்தின் குரல் உலகின் மிக உரத்த விலங்குக் குரல்களில் ஒன்று. இவ்வளவு உரக்கக் கத்துகிற ஒன்று எப்படி ஒளியும்? அதன் பாட்டு மனிதக் காதுக்கே எட்டாத அளவுக்குத் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ஓர்காவின் காது உயர்ந்த ஒலிகளுக்குப் பழகியது. நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு ஏறக்குறையச் செவிடு. ட்ரெவர் பிராஞ்ச் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுச் சொல்வது இது: ஓடும் வகைத் திமிங்கிலங்களின் பாட்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர்காவுக்குக் கேட்பதில்லை. தன் இனத்துக்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலும் கேட்கும். ஊரறியப் பேசியும் எதிராளிக்குத் தெரியாமல் இருக்கும் வித்தை எனக்குக் கப்பல் வாழ்க்கையில் கடைசிவரை கைவரவில்லை.

10 பிப்ரவரி

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'திமி' என்றால் வடமொழியில் ஒரு பெருமீன். திமியை விழுங்குவது 'திமிங்கிலம்'. அதோடு நின்றார்களா? திமிங்கிலத்தை விழுங்குவதற்குத் 'திமிங்கிலகிலம்' என்று ஒரு சொல்லை உண்டாக்கி அகராதியிலும் ஏற்றிவிட்டார்கள். நம் முன்னோருக்கு ஓர்காவைத் தெரிந்திருந்தது என்று யாராவது புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: இது கடலைப் பார்த்துச் செய்த சொல் அன்று, ஒன்றன்மேல் ஒன்றாக விகுதியை அடுக்கிப் பார்த்த இன்பம். ஓர்கா திமிங்கிலத்தை விழுங்குவதில்லை, கிழித்துத் தின்கிறது. அது ஓங்கில் (டால்பின்) குடும்பத்தில் மிகப் பெரியது.

14 பிப்ரவரி

நாக்கைப் பற்றி எழுதியது சிலருக்குக் குமட்டியதாம். அந்த நாக்கு மட்டுமே மூன்று டன் வரை எடையுள்ளது, மென்மையானது. ஓர்காவின் கணக்கில் அதுதான் முதல் பங்கு.

இதை நன்றாக அறிந்திருந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில், ஈடன் ஊரில், திமிங்கில வேட்டை நடத்திய டேவிட்சன் குடும்பத்தாரும் அவர்களுடன் துடுப்புப் போட்ட யூயின் பழங்குடியினரும். டூஃபோல்ட் விரிகுடாவுக்குள் ஓர்காக்கள் திமிங்கிலத்தை விரட்டிக்கொண்டு வரும். அவற்றுள் 'ஓல்ட் டாம்' என்று பெயரிடப்பட்ட ஒன்று ஆற்றுவாய்க்கு வந்து வாலால் நீரை அடித்து ஆட்களை எழுப்பும். ஆட்கள் படகில் போய் ஈட்டி எறிந்து கொன்று, உடலை உடனே இழுத்து வராமல் நங்கூரமிட்டு விட்டுவிடுவார்கள். நாக்கும் உதடும் ஓர்காக்களுக்கு, கொழுப்பு மனிதர்களுக்கு. 'நாக்கின் சட்டம்' என்று அதற்குப் பெயர். 1930 செப்டம்பரில் ஓல்ட் டாம் இறந்து கரை ஒதுங்கியது. எலும்புக்கூடு அவ்வூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அங்கே அகப்பட்டவை பெரும்பாலும் வேறு வகைத் திமிங்கிலங்களே. ஆனாலும் மனிதனையும் ஓர்காவையும் தனித்தனி எதிரிகளாகப் பாடக்குறிப்பு பிரித்துவைத்திருப்பதைப் பார்க்கும்போது இந்தக் கூட்டுவணிகம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

20 பிப்ரவரி

மனிதனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன், முடியாது என்றும் தெரியும்.

துடுப்புப் படகும் கையீட்டியும் இருந்த காலம் வரை நீலத்திமிங்கிலம் மனிதனுக்கும் எட்டாத விலங்காகவே இருந்தது. அதன் வேகத்துக்குப் படகு ஈடுகொடுக்காது. அப்படியே கொன்றாலும் உடல் மூழ்கிவிடும். நார்வேயைச் சேர்ந்த ஸ்வென் ஃபோய்ன் 1860களில் நீராவிக் கப்பலின் முகப்பில் வெடிக்கும் ஈட்டியைச் சுடும் பீரங்கியைப் பொருத்திய பிறகு நிலைமை மாறியது. கொன்ற உடலுக்குள் காற்றை அடைத்து மிதக்கவைத்தார்கள். பின்னால் சாய்தளம் வைத்து முழுத் திமிங்கிலத்தையும் தளத்துக்கு இழுத்தேற்றும் ஆலைக்கப்பல்கள் 1920களில் வந்தன. 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்க்டிக் கடலில் இருபத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நீலத்திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன.

அந்தக் காலத்துக் கணக்குமுறையை அறிந்தபோது சற்று நேரம் வேறெதையும் என்னால் படிக்க முடியவில்லை. வேட்டைக்கு வரம்பு விதித்தார்கள், ஆனால் இனம் பிரித்து விதிக்கவில்லை. 'நீலத்திமிங்கில அலகு' என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள்: ஒரு நீலத்திமிங்கிலம் இரண்டு துடுப்புத் திமிங்கிலத்துக்குச் சமம், இரண்டரைக் கூன்முதுகுக்குச் சமம், ஆறு 'சேய்' (sei) என்னும் வகைத் திமிங்கிலத்துக்குச் சமம். எண்ணெயின் அளவே அலகு. ஒரே அலகுக்கு ஒரே உயிரைக் கொன்றால் போதும் என்பதால் எல்லோரும் முதலில் நீலத்தையே தேடினார்கள். 1966இல் முழுப் பாதுகாப்பு வந்தது. சோவியத் கப்பல்கள் அதன் பின்னும் மறைவாகக் கொன்றுவந்ததை 1993இல் ரஷ்ய அறிவியலாளர் அலெக்ஸி யாப்லகோவ் வெளிப்படுத்தினார். அண்டார்க்டிக் நீலத்திமிங்கிலம் சுமார் 2,39,000 இருந்தது 1973 வாக்கில் 360 ஆகச் சுருங்கியது என்பது மதிப்பீடு.

21 பிப்ரவரி

இரவெல்லாம் நேற்றைய எண்ணே மனதில் ஓடியது. நான் 3ஆம் தேதி 'சான்று இல்லை' என்று எழுதினேன் அல்லவா? 360 மட்டுமே மிஞ்சியிருந்த காலத்தில் அவற்றில் ஒன்றை ஓர்கா கொல்வதை யார், எந்தப் படகிலிருந்து, எப்படிப் பார்த்திருக்க முடியும்? 'எதிரியே கிடையாது' என்ற வாக்கியம் பாடநூல்களில் ஏறிய காலமும் கடலில் திமிங்கிலம் அருகிப்போயிருந்த காலமும் ஒன்றே. கலிபோர்னியா வளைகுடாவில் ஒளிப்படம் எடுத்து அடையாளம் கண்ட நீலத்திமிங்கிலங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றின் உடலில் ஓர்காப் பல் வரிசை கீறிய தழும்பு, சீப்பால் வாரியது போல, இருக்கிறது. அவை தப்பியவற்றின் தழும்புகள். தப்பாதவற்றுக்குத் தழும்பு கிடையாது.

இன்னொன்று. பிறக்கும்போது கன்று சுமார் ஏழு மீட்டர், மூன்று டன். தாய்ப்பால் குடித்து நாளொன்றுக்குத் தொண்ணூறு கிலோ கூடுகிறது. இந்த அவசரம் ஏன் என்று முன்பு நான் யோசித்ததில்லை. இரையாகிற அளவைத் தாண்டிவிடுவதும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது படுகிறது.

22 பிப்ரவரி

சுறா கடிக்காதா என்று கேட்டவருக்கு: 'குக்கி கட்டர்' என்று அரை மீட்டர் நீளச் சுறா ஒன்று உண்டு. வாயை உடலில் ஒட்டிச் சுழன்று, வட்டக் கரண்டியால் தோண்டியது போல ஒரு சதைத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடும். திமிங்கிலம் சாகாது. உலகின் மிகப் பெரிய விலங்கைத் தின்கிற மிகச் சிறிய வேட்டையாடி என்று இதற்குப் பட்டம் கொடுக்கலாம்; ஒட்டுண்ணி என்பது பொருத்தமானது.

1 மார்ச்

நான் நீலத்திமிங்கிலத்தை நிதானமாகப் பார்த்தது ஓய்வுபெற்ற பின்தான். திருகோணமலையில், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில், தரிசனம் முடிந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபோது என் மனைவிதான் முதலில் கண்டாள். கடலில் பனைமர உயரத்துக்கு ஒரு நீர்ப்புகை எழுந்து, காற்றில் சாய்ந்து, கரைந்தது. அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வருகிறது. ஆகவே கோயில் மலையிலிருந்தே திமிங்கிலம் தெரியும் அரிய இடங்களில் அதுவும் ஒன்று. மறுநாள் படகில் போனோம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் படகோட்டி, "ஐயா, கதையாதேங்கோ, தாண்டிடும்" என்றார். பேசினால் அது மூழ்கிவிடும் என்று பொருள். நாற்பது மீட்டர் தூரத்தில் சாம்பல் நீல முதுகு உருளத் தொடங்கியது. உருண்டுகொண்டே இருந்தது. இனி முடிந்துவிடும் என்று நினைத்த பின்னும் முதுகு வந்துகொண்டே இருந்து, கடைசியில் கட்டைவிரல் அளவாகத் தோன்றிய முதுகுத்துடுப்பு வந்தது. நீர்மேல் செங்கல் நிறத்தில் ஒரு கலங்கல் மிதந்தது. அது சாணம் என்று படகோட்டி விளக்கினார்.

இலங்கையின் ஆய்வாளர் ஆஷா டி வோஸ் 2003இல் இத்தகைய கலங்கலைக் கண்டுதான், இத்திமிங்கிலங்கள் துருவக் கடலுக்குப் போகாமல் இந்த வெப்பக் கடலிலேயே இரை தேடுகின்றன என்ற எண்ணத்தைப் பின்தொடர்ந்தார். பிற்பாடு சாணத்தை ஆராய்ந்தபோது அவை பெரும்பாலும் தின்பது மற்றக் கடல்களின் நீலத்திமிங்கிலங்கள் தின்னும், இறால் போன்ற சிற்றுயிரான கிரில் அன்று, நாம் கூனி என்று சொல்கிற சிற்றிறால் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. கூனிப்பொடி என் வீட்டிலும் இருக்கிறது.

8 மார்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

கடற்படத்தில் டோண்ட்ரா ஹெட் என்று இருக்கும் தெய்வேந்திரமுனை இலங்கையின் தென்கோடி. மலாக்காவுக்கும் சூயஸுக்கும் இடையே போகும் கப்பல்கள் எல்லாம் அதை ஒட்டித்தான் திரும்பும். உலகின் நெருக்கமான கப்பல் தடங்களில் ஒன்று. நீலத்திமிங்கிலங்கள் கூனி தேடிக் கூடும் இடமும் அதே தடம். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முகப்பில், தண்ணீருக்கடியில் உருண்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின்மேல், இறந்த நீலத்திமிங்கிலம் மடிந்து தொங்கியது. துறைமுகத்தில் நிற்கும்வரை கப்பலில் யாருக்கும் தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு வியப்பில்லை. ஐம்பதாயிரம் டன் கப்பல் திமிங்கிலத்தில் மோதியதை நடுக்கமாக உணராது.

இரண்டாம் அதிகாரியாக நள்ளிரவு பன்னிரண்டு முதல் நான்கு மணி வரையிலான காவல் என்னுடையது. அந்த முனையை நான் எத்தனை முறை கடந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன், அறுபதுக்குக் குறையாது. ராடாரில் கப்பல் தெரியும், மீன்பிடிப் படகு தெரியும். நீரில் கிடந்து உறங்கும் முதுகு தெரியாது. பகலில் ஒருமுறை நீர்ப்புகையைப் பார்த்துத் தலைமை மாலுமியிடம் சொன்னேன். அவர் தேநீரை வைத்துவிட்டு வந்து பார்த்தார், "நல்ல சகுனம்" என்றார், திரும்பிப் போனார். வழியை மாற்றுவது பற்றி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

9 மார்ச்

கப்பல் வேட்டையாடி ஆகுமா, அது தின்பதில்லையே என்று ஒருவர் வாதிட்டிருக்கிறார். சொல்லளவில் அவர் சொல்வது சரி. ஆனால் திமிங்கிலத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஓர்கா வந்தால் ஓட வேண்டும் என்பது அதன் உடலிலேயே எழுதியிருக்கிறது. கப்பல் வந்தால் என்ன செய்கிறது? கலிபோர்னியக் கரையில் நீலத்திமிங்கிலங்கள்மேல் கருவி ஒட்டிப் பார்த்தவர்கள், பெரிய கப்பல் நெருங்கும்போது அவை பக்கவாட்டில் விலகி ஓடுவதில்லை, சில வேளை மெதுவாக, ஆழமின்றி, மூழ்குகின்றன, அவ்வளவே என்று கண்டார்கள். விலகாமல் மெல்ல அமிழும் ஒன்றின்மேல்தான் முகப்பு ஏறுகிறது. பற்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்த விலங்குக்கு இரும்புக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2022இல் மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி தன் கப்பல்களைத் தெய்வேந்திரமுனைத் தடத்திலிருந்து சுமார் பதினைந்து கடல்மைல் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. பதினைந்து கடல்மைல் என்பது என் காவலில் ஒரு மணி நேர ஓட்டம். அதைப் படித்தபோது மகிழ்ச்சியும், அவ்வளவுதானா என்ற எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

16 மார்ச்

கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: மகள் ஆசிரியையிடம் ப்ரெமர் நிகழ்ச்சியைச் சொன்னாளாம், தேர்வில் 'எதிரி இல்லை' என்று எழுதினால்தான் மதிப்பெண் என்றாராம். எழுதட்டும். அடுத்த பக்கத்தில் மூன்று தேதிகளையும் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

ஒரு திருத்தம். 8ஆம் தேதி 'அறுபதுக்குக் குறையாது' என்று எழுதினேன். பரணிலிருந்து பழைய குறிப்பேடுகளை இறக்கி எண்ணினேன், நாற்பத்தேழு. காவல் முடிந்ததும் எனக்காக ஒரு வரி எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. 1996 ஏப்ரலில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "தெய்வேந்திரமுனை விளக்கு வலப்பக்கம், 14 நாட், கடல் அமைதி, மீன்பிடிப் படகு மூன்று, வேறொன்றும் இல்லை."